வாயில் பிறந்த கட்டம்

எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சையில், படிக்காமல் போனாலும் ஐந்து மார்க் வாங்கித் தரும் கேள்வி ஒன்று இருந்தது. நான்கு பத்தி பிரித்த ஒரு கட்டம். முதல் பத்தியில் ஆட்கள், இரண்டாவதில் ‘இஸ்’, ‘வாஸ்’, மூன்றாவதில் ‘-இங்’ வாலோடு சில வினைகள், கடைசியில் இடங்கள். பத்திக்கு ஒன்றாகப் பொறுக்கி, இடமிருந்து வலமாகக் கோத்து ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். என்ன பொறுக்கினாலும் தப்பு வராது. ‘அவுட்சைட்’ என்றால் உள்ளேயா வெளியேயா என்று தெரியாமலே தபால்காரரை வீட்டுக்கு அவுட்சைடில் தூங்க வைத்து முழு மார்க் வாங்கினேன்.

அதே வாரம் தாழ்வாரத்தில் எதிரே வந்த தலைமையாசிரியர், “வேர் ஆர் யூ கோயிங்?” என்றார். விடை அந்தக் கட்டத்திலேயே இருந்தது. எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். வாய் திறக்கவில்லை. “போ, போ” என்று கையசைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கட்டத்துக்கு சப்ஸ்டிடியூஷன் டேபிள் என்று பெயர். பதிலீட்டு அட்டவணை என்று தமிழில் எழுதுகிறார்கள். வகுப்பில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, ‘டேபிள்’தான். அது எங்கள் ஊர்க் கரும்பலகைக்கு வந்து சேர்ந்த வழியைப் பின்னோக்கித் தேடிப் போனபோதுதான் ஒரு வேடிக்கை தெரிந்தது. என் வாயை மூட வைத்த அந்தப் பொருள், வாயைத் திறப்பதற்கென்றே செய்யப்பட்டது.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு கட்டம் போட்டுக்கொள்வோம். முதல் பத்தி: மை பிரதர், அவர் டீச்சர், த போஸ்ட்மேன், தட் கேர்ள், சம்படி. இரண்டாவது: இஸ், வாஸ். மூன்றாவது: வெயிட்டிங், ஸ்டாண்டிங், ஸ்லீப்பிங். நான்காவது: நியர் த பஸ் ஸ்டாண்ட், அண்டர் த ட்ரீ, அவுட்சைட் த ஹவுஸ், இன் த டெம்பிள். மொத்தம் பதினான்கு துண்டுகள். ஐந்தை இரண்டால், மூன்றால், நான்கால் பெருக்கினால் 120 வாக்கியங்கள். ஒன்றுகூட இலக்கணப் பிழை இல்லாதவை. எழுவாய், பயனிலை, நிகழ்காலத் தொடர்வினை, முன்னிடைச்சொல் என்று ஒரு சொல்லும் யாரும் உச்சரிக்கவில்லை. ‘நியர் த பஸ் ஸ்டாண்ட்’ நான்கு சொல்லானாலும் ஒரே கட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், அது சேர்ந்தே நகரும் ஒரு மூட்டை என்று பையனுக்குப் புரிந்துவிடுகிறது.

தமிழ்ப் பையனுக்கு இது சின்ன உதவி இல்லை. ‘என் தம்பி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இருக்கிறான்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியை மட்டும் அவன் இடத்தில் விட்டுவிட்டு மீதியை வலமிருந்து இடமாகப் படித்தால் ஆங்கிலம் வந்துவிடும்: இருக்கிறான், நின்றுகொண்டு, பக்கத்தில், பஸ் ஸ்டாண்டுக்கு. கண்ணாடியில் பார்ப்பது போல. ‘மரத்துக்குக் கீழே’ என்று பழகிய வாய் ‘ட்ரீ அண்டர்’ என்றுதான் கிளம்பும். விதியைச் சொல்லி அதைத் திருப்புவது பெரும்பாடு. கட்டம் அதைக் கோடு போட்டுத் தடுத்துவிடுகிறது; இடமிருந்து வலமாக நடந்தால் போதும்.

இன்னொன்று. இந்தக் கட்டம் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் வேலையைச் சொல்வது பெரும்பாலும் அது நிற்கும் இடம். தமிழில் அந்த வேலையை உருபும் விகுதியும் பார்த்துக்கொள்கின்றன. கண்ணன் முருகனை அடித்தான், முருகனைக் கண்ணன் அடித்தான், எப்படிப் புரட்டினாலும் அடி வாங்கியவன் முருகன்தான். ‘வந்தேன்’ என்பதற்குள்ளேயே வா, காலம் காட்டும் இடைநிலை, ‘நான்’ என்று சொல்லும் விகுதி என்று பத்தி பிரித்து வைத்திருக்கிறோம். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் என்று அதைத்தான் பிய்த்துப் பிய்த்து எழுதினோம். நம் கட்டம் சொல்லுக்குள் இருக்கிறது, ஆங்கிலத்தின் கட்டம் சொல்லுக்கு வெளியே.

ஆங்கிலத்திலும் கட்டம் இடறும் இடங்கள் உண்டு. மேலே போட்ட கட்டத்தில் ‘தே’ என்று ஒரு ஆளைச் சேர்த்தால் போச்சு. ‘தே இஸ்’ என்று வந்து நிற்கும். எல்லாச் சொல்லும் எல்லாச் சொல்லோடும் கூடினால்தான் அது முழுமையான கட்டம். இல்லையென்றால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஐ-க்கு ஆம், ஹீ, ஷீ, இட்டுக்கு இஸ், மற்றவர்களுக்கு ஆர் என்று அறை பிரிக்க வேண்டும். நல்ல டேபிள் போடுவது கோலம் போடுவது மாதிரி. புள்ளி ஒன்று பிசகினால் கடைசியில் இழை சேராது. பாடப்புத்தகங்களில் இழை சேராத கோலங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

இந்தப் பொருளின் பிறப்புச் சான்றிதழில் ஹெரால்ட் பாமர் என்ற பெயர்தான் இருக்கிறது. 1877-ல் லண்டனில் பிறந்தவர். 1902-ல் பெல்ஜியத்தின் வெர்வியே நகரத்துக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போனார். கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அவர் வேலைக்குச் சேர்ந்தது பெர்லிட்ஸ் பாணியில் நடந்த ஒரு பள்ளி. மாணவனின் தாய்மொழியில் வாய் திறக்கக் கூடாது, விதிகளை விளக்கக் கூடாது, எதையும் காட்டியும் பேசியுமே புரிய வைக்க வேண்டும் என்பது அந்தப் பாணி. நாற்காலியைத் தொட்டு ‘சேர்’ என்று சொல்லிவிடலாம். ஒரு வாக்கிய அமைப்பை எதைத் தொட்டுக் காட்டுவது? பாமரின் கட்டம் இந்த நெருக்கடிக்குக் கிடைத்த பதில் என்பது என் கணிப்பு. விளக்கம் தடை செய்யப்பட்ட இடத்தில் விளக்காமலே விளக்குவதற்கு ஒரு வழி.

1914-ல் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. பிறகு சொந்தமாக நடத்திவந்த பள்ளியை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார் பாமர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒலியியல் துறையை நடத்திவந்த டேனியல் ஜோன்ஸ் அவரை அழைத்து இடம் கொடுத்தார். 1916-ல் வெளிவந்த பாமரின் புத்தகத்தில் நூறு சப்ஸ்டிடியூஷன் டேபிள்கள். தலைப்பிலேயே ‘கொலோக்கியல் இங்கிலீஷ்’, அதாவது பேச்சு ஆங்கிலம், என்று இருந்ததைக் கவனிக்க வேண்டும். அவருக்கு அது வாய்க்கான உடற்பயிற்சி. ஒரு வரிசையைச் சொல்லி, ஒரு சொல்லை மாற்றிச் சொல்லி, யோசிக்காமல் நாக்கு ஓடும்வரை சொல்ல வேண்டும். 1921-ல் அவர் எழுதிய இன்னொரு புத்தகமே வாய்மொழி முறையைப் பற்றியது.

நமக்கு இதில் புதுமை எதுவும் தெரியக் கூடாதுதான். பெருக்கல் கணக்கை மனப்பாடம் செய்வதற்கு நாம் வைத்த பெயரே வாய்ப்பாடு. யாப்பிலும் அதே சொல்தான். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்பவை எடுத்துக்காட்டா, அச்சா? இரண்டும்தான். நேர் நேர் என்று அருவமாகச் சொல்லாமல், அந்த ஓசையையே உடம்பாகக் கொண்ட ஒரு சொல்லைக் கையில் கொடுத்து, ‘இதன் இடத்தில் இதே மாதிரி வேறொன்றை வை’ என்கிறார்கள். விதி சொல்லாமல் அமைப்பைக் கடத்தும் உபாயம் அது. பாமருக்கு தேமாவைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் தஞ்சாவூரைத் தெரிந்த ஒருவர் பாமருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த வழியில் நடந்திருக்கிறார். தாமஸ் பிரெண்டர்காஸ்ட். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானி உத்தியோகஸ்தர். 1828-ல் தஞ்சாவூர் கலெக்டருக்கு உதவியாளர். பிறகு நெல்லூர், குண்டூர் என்று சுற்றி ராஜமுந்திரியில் கலெக்டரானார். தமிழும் தெலுங்கும் நடமாடும் கச்சேரிகளில் முப்பது வருஷம். 1859-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் செல்டன்ஹாம் நகரில் குடியேறியவருக்குக் கண்பார்வை முழுதாகப் போய்விட்டது. 1864-ல் அயல்மொழிகளைப் பேசப் பழகுவது பற்றிய அவர் புத்தகம் வந்தது. மாஸ்டரி முறை என்று அதற்குப் பெயர்.

இலக்கணம் வேண்டாம், சொற்பட்டியலும் வேண்டாம் என்றார். அந்த மொழியின் முக்கியமான அமைப்புகள் பலவற்றையும் தன்னுள் அடக்கிய ஒரு நீளமான வாக்கியத்தை எடு. அதைத் தண்ணீர்பட்ட பாடாக்கு. பிறகு அதே சொற்களை இடம் மாற்றி, கூட்டி, குறைத்து எத்தனை வாக்கியம் பிறக்கிறதோ அத்தனையும் சொல்லிப் பார். ஒரு தடவைக்குச் சில நிமிஷம் போதும். ஆனால் ஒரு நாளில் பல தடவை. ஒன்று சரளமாகும்வரை அடுத்ததைத் தொடாதே. குழந்தைகள் முழு வாக்கியங்களை அப்படியே பிடித்துக்கொண்டு, பிறகு அவற்றைப் பிரித்து மாற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் அவர் கண்ட அடிப்படை. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், எபிரேயம், லத்தீன் என்று வரிசையாகக் கைநூல்கள் வந்தன. கண் தெரியாத மனிதர், கோடு போட்ட கட்டம் தேவைப்படாத ஒரு கட்டத்தை வாயிலேயே வைத்திருந்தார்.

பாமரின் கட்டத்துக்கு வருவோம். 1922-ல் அது ஜப்பானுக்குக் கப்பலேறியது. அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்துக்கு மொழி ஆலோசகராகப் போனார் பாமர். அடுத்த வருஷம் தோக்கியோவில் ஆங்கில போதனைக்கான ஆய்வு நிலையம் தொடங்கியது. ஜப்பானியப் பள்ளிகளில் அப்போது ஆங்கிலம் என்றால் எழுத்தைப் பார்த்து, சொல்லுக்குச் சொல் பெயர்த்து, எண் போட்டு வரிசை மாற்றிப் படிப்பது. பதினான்கு வருஷம் அதோடு மல்லுக்கட்டினார். நுழைவுத் தேர்வு எழுத்துத் தேர்வாகவே இருக்கும்வரை மாணவன் ஏன் வாயைத் திறப்பான்?

1936-ல் அவர் கிளம்பியபோது பொறுப்பை ஏற்றவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஆக்ஸ்ஃபோர்டின் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைப் புரட்டியவர்களுக்குத் தெரிந்த பெயர். ஆங்கில வினைகள் தமக்குப் பின்னால் என்னென்ன வரிசையில் ஆட்களை நிறுத்திக்கொள்கின்றன என்று இருபத்தைந்து அச்சுகளாகப் பிரித்து, ஒவ்வொரு வினைக்கும் எண் கொடுத்தார். அந்த அகராதி முதலில் 1942-ல் தோக்கியோவில் அச்சானது. அதே வருஷம்தான் போரில் காவலில் வைத்திருந்தவர்களைப் பரிமாறிய கப்பலில் ஹார்ன்பி ஊர் திரும்பினார். 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. அந்த இருபத்தைந்தும் பத்தி பிரித்த கட்டங்கள்தான்; பாமரின் டேபிள் இப்போது அகராதிக்குள் குடியேறிவிட்டது. வசதியான வீடு. ஆனால் அகராதியை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை.

சென்னைக்கு அது வந்தது 1950-களில், ‘ஸ்ட்ரக்சுரல்’ பாடத்திட்டம் என்ற பெயரில். அதுவரை நம் பள்ளிகளை ஆண்டது ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தின் வழி: வரையறை, விதி, விதிவிலக்கு, பயிற்சி. (அந்த ரென், ‘போ ஜெஸ்ட்’ என்ற பாலைவனப் படைவீரர் சாகச நாவலை எழுதியவர்தான். இலக்கணத்தில் அந்தச் சாகசத்தின் சுவடே இல்லை.) புதிய திட்டத்தில் அமைப்புகள் எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தப்பட்டன. ஆசிரியர் கதவை நோக்கி நடந்துகொண்டே, ‘ஐ ஆம் வாக்கிங் டு த டோர்’ என்பார். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். பிறகு டேபிள்.

இதையெல்லாம் செய்யத் தெரிந்த ஆசிரியர் வேண்டுமே. மெட்ராஸ் இங்கிலீஷ் லாங்குவேஜ் டீச்சிங் என்ற இயக்கம் அதற்காகத்தான். சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பலருக்குக் கொடுத்து, அந்தப் பலர் இன்னும் பலருக்குக் கொடுத்து, தொடக்கநிலை ஆங்கிலம் நடத்தும் 27,000 ஆசிரியர்களை எட்டுவது திட்டம். ஹார்ன்பி 1946-ல் தொடங்கிய ஆங்கில போதனைப் பத்திரிகையில் 1962-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தலைப்பில் சென்னையின் ‘ஸ்னோபால்’ என்றிருந்தது. பனிக்கட்டியை ஐஸ் வண்டியில் மட்டுமே பார்த்த ஊரில் உருண்டு பெருகும் பனிப்பந்து. இயக்கத்தின் பெயரை முதலெழுத்தில் சுருக்கினால் ‘மெல்ட்’, உருகுதல். பெயர் வைத்தவர்கள் சித்திரை வெயிலைக் கணக்கில் எடுத்தார்களோ என்னவோ.

உருண்டது, உருகவும் செய்தது. முதல் கைக்குப் போனது வாய்மொழிப் பயிற்சி. மூன்றாவது நான்காவது கைக்கு வந்தபோது எஞ்சியது கோடு போட்ட கட்டம். அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், தானே ஆங்கிலம் பேசிப் பழகாத ஆசிரியருக்கு அது பெரிய ஆறுதல். கரும்பலகையில் எழுதிவிட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நோட்டில் வாக்கியங்கள் நிரம்பும். திருத்துவதும் சுலபம், ஏனென்றால் தப்பு வர வழியே இல்லை. பரீட்சைக்கும் அது தோதாக அமைந்தது. நான் வாங்கிய ஐந்து மார்க் இந்த வழியாக வந்ததுதான். அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு அறுபது பேரைக் கரையேற்றப் பார்த்தார்கள்.

ஹைதராபாத்தில் 1958-ல் தொடங்கிய மத்திய ஆங்கில நிலையத்திலிருந்து 1963-ல் ஒரு கணக்கெடுப்பு வெளிவந்தது. எச். வி. ஜார்ஜ் என்பவர் ஆங்கில எழுத்தில் எந்த வினைவடிவம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். ‘ஐ ஆம் வாக்கிங்’ வகையறா மிக அரிது. எளிய நிகழ்காலமும் எளிய இறந்தகாலமுமே பெரும்பங்கு. வகுப்பறையில் நடித்துக் காட்ட முடிகிறது என்பதற்காக, ஊரில் அதிகம் புழங்காத வடிவத்தை முதல் வருஷமே பிள்ளைகளின் நாக்கில் ஏற்றியிருக்கிறோம். நாம் ஆங்கிலம் பேசும்போது ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று வாலை ஒட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். அதே ஜார்ஜ் 1967-ல் ஒரு டேபிள் புத்தகம் போட்டார். பாமர் நூறு போட்டார் அல்லவா, இவர் 101. மொய் எழுதுகிறவர் மாதிரி.

அதற்குள் மேற்கே காற்று திசை மாறியிருந்தது. ஒரே கட்டத்தில் அச்சாக உட்காரும் இரண்டு வாக்கியங்களுக்கு உள்ளே வேறு வேறு எலும்பு இருக்கலாம் என்று மொழியியலாளர் சாம்ஸ்கியின் வழிவந்தவர்கள் காட்டினார்கள். ‘ஹீ டோல்ட் மீ டு கோ’, ‘ஹீ பிராமிஸ்ட் மீ டு கோ’. டேபிளில் ஒரு சொல்தான் வித்தியாசம். முதலாவதில் போகப்போவது நான். இரண்டாவதில் போகப்போவது அவர். தமிழில் சொல்லிப் பார்த்தால் உடனே குட்டு வெளிப்படும்: என்னைப் போகச் சொன்னார், தான் போவதாக எனக்கு வாக்குக் கொடுத்தார். பெர்லிட்ஸ் பள்ளி வாசலிலேயே நிறுத்திவைத்த தாய்மொழி, கட்டம் மறைத்ததைக் காட்டிக் கொடுக்கிறது. இந்த ஓர் உதாரணத்துக்காகவே தமிழை ஆங்கில வகுப்புக்குள் அழைத்துக்கொள்ளலாம் என்பேன்.

கட்டத்தை ஓரம் கட்டியதும் நம் பக்கத்து ஆள்தான். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர், தலச்சேரி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். அமைப்புகளின் பட்டியலே பாடத்திட்டத்தில் கிடையாது. பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடு. கவனம் அர்த்தத்தில் இருக்கட்டும். இலக்கணம் பின்னாலேயே வந்து சேரும் என்பது அவர் நம்பிக்கை. கொடுத்த வேலைகளில் ஒன்று ரயில் கால அட்டவணையைப் பார்த்துக் கேள்விகளுக்கு விடை காண்பது. இன்ன ஊருக்கு இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும், எந்த வண்டியில் ஏறலாம்?

எனக்கு இதில் ஒரு குறும்பு தெரிகிறது. சப்ஸ்டிடியூஷன் டேபிளைத் துரத்திவிட்டு உள்ளே வந்ததும் இன்னொரு டேபிள். அதிலும் பத்திகள், அதிலும் இடமிருந்து வலமாக நடை. ஆனால் இதில் எதைப் பொறுக்கினாலும் சரியாகாது. தப்பான வண்டியைப் பொறுக்கினால் விழுப்புரத்தில் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான். அந்த ஒரு வித்தியாசத்தால் பையன் யோசிக்க வேண்டியிருக்கிறது. பிரபுவின் புத்தகம் 1987-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வந்தது; வேலைவழி கற்பித்தல் பற்றி எங்கே பேசினாலும் அந்தச் சோதனையின் பெயர் வருகிறது.

கட்டம் இன்னும் சாகவில்லை. போன மாதம் அக்கா மகள் போனில் ஏதோ ஆங்கில ஆப் வைத்து விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். திரையின் அடியில் சொற்கள் சின்னச் சின்ன ஓடுகளாகக் கிடந்தன. ஒன்றைத் தட்டினால் மேலே போய் வரிசையில் உட்காரும். வாக்கியம் முடிந்ததும் பச்சை நிறத்தில் ஒரு டிக், ஒரு மணியோசை.

“நல்லா வருதா?” என்றேன்.

“தப்பே வரல மாமா. இருபத்தி ரெண்டு நாளா விடாம பண்றேன்.”

“எங்க, அதை வாய்விட்டுச் சொல்லு பாப்போம்.”

நிமிர்ந்து பார்த்தாள். “எதுக்கு மாமா? அதான் டிக் வந்துடுச்சே.”